பத்துக்கு சைபர்

அவனுக்குத் தூண் என்று முதலில் பெயர் வைத்தது யார் என்பதில் அணிக்குள் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. அசையாமல் நின்று கோலைக் காப்பதால் தூண் என்பார்கள் சிலர். பந்து காதை உரசிக்கொண்டு போகும்போதும் அசையாமல் நிற்பதால் தூண் என்பார்கள் மற்றவர்கள். இரண்டில் எது என்று கேட்கப் போய் மனசைப் புண்ணாக்கிக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறான். அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம், ஆஸ்பத்திரி என்று எங்கே கூண்டு நின்றுபோனாலும் அவனுக்குத்தான் போன் வரும். கூண்டின் தலைமேல் ஏறி நின்று, இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கதவு உருளையில் சிக்கிய குப்பையை எடுப்பான். ஆள் நல்ல உயரம். அந்தத் தொழிலுக்கு உயரம் ஒரு தொல்லைதான். மோட்டார் அறைகளில் எல்லாம் தலை இடிக்கும். ஆனால் அந்த உயரம்தான் அவனைத் தேசிய அணியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நடந்தது இப்படி. அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தில் வாலிபால் அணி ஒன்று சேர்க்கிறார்கள் என்று உள்விளையாட்டரங்கத்துக்குப் போகச் சொன்னார்கள். அரங்கத்துக்கு இரண்டு வாசல். அவன் தப்பான வாசல் வழியாகப் போய்விட்டான். உள்ளே பத்துப் பதினைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் விசிலோடு நின்ற பயிற்சியாளர், பகலில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கையை விரிப்பா."

விரித்தான்.

"பந்து மூஞ்சியில பட்டா அழுவியா?"

"மாட்டேன் சார். ஏன் சார், வாலிபால்ல மூஞ்சியிலயா அடிப்பாங்க?"

"இது வாலிபால் இல்ல. ஹேண்ட்பால். போய் அந்தக் கோல்ல நில்லு."

போய் நின்றான். ஆறேழு பேர் வரிசையாக ஓடிவந்து அவனை நோக்கிப் பந்தை வீசினார்கள். ஒன்று வயிற்றில், ஒன்று தொடையில், மூன்று வலைக்குள். பயிற்சியாளர் திருப்தியாகத் தலையாட்டினார். "கோல்கீப்பருக்கு எத்தனை பேர் சார் வந்திருக்காங்க?" என்று அவன் கேட்டதற்கு, "நீதான்" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவள் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். எதையும் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டே பழகியவள்.

"கால்பந்து மாதிரி கோல் இருக்கும். ஆனா கையால எறிவாங்க."

"அப்ப கூடைப்பந்தா?"

"கூடை கிடையாது. கோல்தான். பக்கத்துல வந்து எறிவாங்க. முப்பது நாப்பது கோல் விழும்."

"நாப்பது கோல் விழுந்தா நீங்க அங்க எதுக்கு நிக்கிறீங்க?"

 உண்மையில் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்தது.

இந்தத் தேசிய அணி வெளிநாட்டு அணிகளோடு ஆடிய ஆட்டங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். எல்லாவற்றிலும் தோல்வி. ஒருமுறை சமன் செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அது பாதியில் மின்சாரம் போனதால் நின்ற ஆட்டம், கணக்கில் வராது என்பார்கள். இப்படி ஒரு பின்னணியோடுதான், தூண் முதன்முதலாக நாட்டின் கொடி தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்து நாடுகள் ஆடும் பிராந்தியப் போட்டிக்குப் போனான்.

முதல் ஆட்டம் மலைநாட்டு அணியோடு. நாற்பத்தொன்றுக்குப் பதினைந்து. அந்த நாற்பத்தொன்றில் பாதி அவன் கண்ணிலேயே படவில்லை. வலை ஆடுவதைப் பார்த்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டான். அடுத்த இரண்டு ஆட்டங்களும் ஏறக்குறைய அதே கதிதான். கேப்டன், ஊரில் கூரியர் வேன் ஓட்டுபவன், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வந்து அவன் தோளில் தட்டி, "பரவால்லடா, நல்லாத்தான் நின்ன" என்பான். நின்றதைப் பாராட்டுகிறானா குத்திக்காட்டுகிறானா என்று தெரியாமல் தூண் தலையாட்டுவான்.

கடைசி ஆட்டம் தீவு நாட்டு அணியோடு. அந்த அணியில் ஓர் இடதுகைக்காரன் இருந்தான். மெலிந்த உடம்பு, கை மட்டும் சாட்டை. அவன் பந்தை எடுத்தாலே எதிரணிக்காரர்கள் தோளைச் சுருக்கிக்கொள்வார்கள். அன்றைக்குத் தூணுக்கு என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் சேர்த்துத்தான். முதல் பந்து முழங்காலில் பட்டுத் தெறித்தது. அடுத்தது மணிக்கட்டில். மூன்றாவதை அவன் பார்த்தான், உண்மையாகவே பார்த்தான். பந்து ஓர் ஆள் நடந்து வருவதுபோல நிதானமாக வந்தது. இடதுகைக்காரன் ஏழு மீட்டர் கோட்டில் நின்று எறிந்த இரண்டு பெனால்டிகளையும், ஒன்றைக் காலாலும் ஒன்றைக் கையாலும், தூண் தடுத்தான். ஒரு கட்டத்தில் எதிரணி பெஞ்சில் இருந்தவர்களே எழுந்து நின்று பார்த்தார்கள். ஆட்டம் என்னவோ தோல்விதான், இருபத்தொன்பதுக்கு இருபத்திரண்டு. ஆனால் தூண் வெளியே வந்த உடனே மனைவிக்குப் போன் போட்டான்.

"தோத்துட்டோம்."

"அதுக்கு ஏங்க இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க?"

"நான் நல்லா ஆடினேன். ரெண்டு ஏழு மீட்டர் புடிச்சேன்."

"ஏழு மீட்டர் என்ன துணி?" என்று கேட்டுவிட்டு, அவளும் சிரித்தாள்.

நான்கு ஆட்டம், நான்கு தோல்வி, ஐந்தாவது இடம். ஊர் திரும்பினார்கள். அவன் நீல உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்த வாரம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் கூண்டின் தலைமேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் போனில் வந்தார்.

"டேய், நாம மூணாவதுடா!"

"எதுல சார்?"

"எதுலன்னா? போட்டியிலதான்."

"நாம அஞ்சாவது இல்ல சார்?"

"அது போன வாரம்."

விஷயம் இதுதான். தீவு அணியின் இடதுகைக்காரனும் மலைநாட்டு அணியில் ஆடிய ஒருவனும் அண்ணன் தம்பி. ஆளுக்கொரு நாட்டில் குடியேறியவர்கள். இரண்டு பேருமே முன்பு வேறொரு நாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். நாடு மாறினால் இத்தனை காலம் காத்திருந்த பிறகுதான் புது அணிக்கு ஆடலாம் என்று ஒரு விதி உண்டாம். அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது போட்டியே முடிந்திருந்தது. இரண்டு அணிகளையும் நீக்கிவிட்டார்கள். அவர்கள் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் எதிரணிக்குப் பத்துக்கு சைபர் என்ற கணக்கில் வெற்றி என்று எழுதியாகிவிட்டது. மிச்சமிருந்த அணிகள் மூன்று. அதில் இவர்கள் மூன்றாவது. வெண்கலம்.

"அப்ப நாற்பத்தொண்ணு சார்?"

"எந்த நாற்பத்தொண்ணு?"

"மலைநாட்டுக்காரன் போட்டது."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. பத்துக்கு சைபர். நாம ஜெயிச்சோம். நீ ஒரு கோல்கூட விடல. போனை வை, நான் இன்னும் எல்லாருக்கும் சொல்லணும்."

தூண் எண்ணெய்க் குப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். கீழே யாரோ கதவைத் தட்டி, "லிஃப்ட் வருமா வராதா?" என்று கத்தினார்கள். "வரும் சார், வரும்" என்றான். எது வரும் என்று நினைத்துச் சொன்னான் என்பது அவனுக்கே தெளிவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவனை வைத்து நடந்த கூத்துக்கு அளவில்லை. நிறுவனத்தின் மேலாளர் அவன் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். படத்துக்குக் கீழே, 'இரண்டு சர்வதேச ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாத வீரர்' என்று எழுதியிருந்தது. பழுது பார்க்கப் போன இடங்களில் வீட்டுக்காரர்கள் அடையாளம் கண்டு கை குலுக்கினார்கள். விளையாட்டு நிருபர் பெண் ஒருத்தி போனில் பேசினாள்.

"சார், ஹேண்ட்பால்ல கோல்கீப்பர் கோலே விடாம இருக்கறது நடக்காத காரியம்னு சொல்றாங்க. நீங்க ரெண்டு ஆட்டத்துல செஞ்சிருக்கீங்க. எப்படி உணர்றீங்க?"

"இல்லம்மா, நான் எழுபது கோல் விட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. மறுநாள் செய்தியில், 'கேட்டதற்குத் தனக்கே உரிய தன்னடக்கத்துடன் நகைச்சுவையாகப் பதிலளித்தார்' என்று வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு அவன் மறுபடி அவளுக்குப் போன் போட்டு விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா சார், அதிகாரபூர்வமா சைபர்தானே?" என்றாள். ஆமாம் என்றான். வேறென்ன சொல்ல முடியும்?

பதக்கம் தருகிற அன்று அணி மொத்தமும் கூடியது. அங்கே இன்னொரு குழப்பம் முளைத்தது. பத்துக்கு சைபர் என்றால், அந்தப் பத்துக் கோலைப் போட்டது யார்?

"அதுல மூணு என்னுது" என்றான் கேப்டன், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"நீ அன்னிக்குப் பாதி நேரம் வெளியிலதான் உக்காந்திருந்த."

"அது பழைய ஆட்டத்துல. இது புது ஆட்டம்."

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தூணும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து பதக்கத்தை மேசைமேல் வைத்ததும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. சின்ன மகள் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இப்படி இருக்கீங்க? எல்லாரும் கொண்டாடுறாங்க."

"அந்த ரெண்டு ஏழு மீட்டர் இருக்குல்ல, நான் புடிச்சது."

"ஆமா, போன்ல சொன்னீங்களே."

"அது இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"ஆட்டம் பத்துக்கு சைபர்னு ஆயிடுச்சு. அவங்க சைபர்னா, அவங்க யாரும் எதையும் எறியல. எறியாத பந்தை நான் எப்படிப் புடிக்க முடியும்?"

 "நாப்பத்தொண்ணு போச்சுல்ல, அதுக்கு இதுன்னு வச்சுக்கோங்களேன்."

"நாப்பத்தொண்ணு என்னுதுதான். அதுவும் என்னுது, இதுவும் என்னுது. ரெண்டையும் எடுத்துட்டு யாரோ ஒருத்தனோட சைபரை என் கையில குடுத்துட்டாங்க."

சொல்லி முடித்ததும் அவனுக்கே தான் பேசியது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று தெரியவில்லை. மனைவி மகளின் கழுத்திலிருந்து பதக்கத்தை வாங்கி அலமாரியில் துணிகளுக்கு மேல் வைத்தாள்.

அடுத்த பிராந்தியப் போட்டி இரண்டு வருடம் கழித்து நடந்தது. இந்த முறை எட்டு அணிகள். போன முறை மூன்றாவது வந்த அணி என்பதால் இவர்களைப் பலமான அணிகளோடு ஒரே பிரிவில் போட்டுவிட்டார்கள். "இதுக்குத்தான் மெடல் வாங்கக்கூடாதுங்கிறது" என்று கேப்டன் முனகினான்.

வீரர்கள் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் இடத்தில், தூண் அவனைப் பார்த்தான். அந்த இடதுகைக்காரன். தோளில் தண்ணீர்ப் பாட்டில் பை. காத்திருக்க வேண்டிய காலம் அவனுக்கு இன்னும் முடியவில்லை. அணியோடு பை தூக்க வந்திருந்தான். இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொதுமொழியில் பேசிக்கொண்டார்கள். பேச்சின் பாதி கை சாடைதான்.

"நீங்கதானே அந்தக் கோல்கீப்பர்?" என்றான் இடதுகைக்காரன்.

தூணுக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. இவனுமா? "ஆமா. ஒரு கோல்கூட விடாதவன்" என்றான்.

"அது இல்ல. என் ரெண்டு ஏழு மீட்டரையும் புடிச்சவர்."

தூண் குழாயை மூட மறந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பந்துகளைப் பற்றி அணிக்கு வெளியே யாரும் பேசி அவன் கேட்டதே இல்லை.

"அது இப்ப கணக்குல இல்லையே" என்றான்.

"இல்லதான். அன்னிக்கு நான் போட்ட ஒன்பது கோலும் இல்ல. ஒன்பதுக்காக அழுதேன். உங்ககிட்ட கோட்டைவிட்ட ரெண்டும் அழிஞ்சதுக்காகச் சந்தோஷப்பட்டேன். வாழ்க்கையில ஒரே ஆட்டத்துல ரெண்டு விட்டது அன்னிக்கு மட்டும்தான். நல்லவேளை, அழிச்சிட்டாங்க."

"நல்லவேளையா?"

"எனக்கு நல்லவேளை. உங்களுக்கு எப்படின்னு தெரியல." பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டான்: "ஒண்ணு சொல்லுங்க. ரெண்டாவதை நான் கடைசி நொடியில மூலை மாத்தினேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தூண் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். அந்த நொடியை எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டியிருக்கிறான். "கண்டுபிடிக்கல. நான் தப்பான மூலைக்குத்தான் போனேன். நீங்க அந்தப் பக்கமே மாத்திட்டீங்க."

இடதுகைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். போகிற போக்கில் தூணின் ஈரக் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். தூணுக்கு மனசு லேசானது போலவும் இருந்தது, கூடுதலாகச் சிக்கிக்கொண்டது போலவும் இருந்தது. தன்னிடம் தோற்றதை மறக்கத் துடிக்கும் ஒருவன்தான் அதற்கு உலகத்திலேயே மிஞ்சியிருக்கும் சாட்சி என்றால், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

பிரிவு ஆட்டங்கள் எல்லாம் எதிர்பார்த்தபடியே தோல்வி. ஐந்து முதல் எட்டு வரையிலான இடங்களுக்கான ஆட்டத்தில் மறுபடி மலைநாட்டு அணி எதிரே வந்தது. அதே நாற்பத்தொன்று போட்டவர்கள். ஆனால் இந்த முறை அவர்களும் களைத்திருந்தார்கள், இவர்களும் கொஞ்சம் கற்றிருந்தார்கள். இடைவேளையில் சமன். இரண்டாம் பாதி முழுக்க ஒரு கோல் இவர்கள், ஒரு கோல் அவர்கள் என்று இழுபறி. முடிய அரை நிமிடம் இருக்கையில் கேப்டன் இரண்டு பேருக்கு நடுவே பாய்ந்து, தரையில் விழுந்துகொண்டே ஒரு கோல் போட்டான். இருபத்துநான்குக்கு இருபத்துமூன்று. மலைநாட்டுக்காரர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவன் ஓரத்திலிருந்து எகிறி, மிக அருகில், தூணின் கண்ணைப் பார்த்தபடி எறிந்தான்.

தூண் ஒரு காலைத் தூக்கினான். பந்து அதில் பட்டுக் கம்பத்தில் மோதி வெளியே போனது. மணி அடித்தது.

கேப்டன் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். எல்லோரும் தூணின் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடந்தபோது ஒலிபெருக்கி அறிவித்தது: "இந்த வெற்றி, சர்வதேசப் போட்டிகளில் இந்த அணியின் மூன்றாவது வெற்றி!"

"மூணாவதா?" கேப்டன் கண்ணீரோடு எழுந்தான். "யோவ், இதான்யா முதல்!"

"வாயை மூடுடா" என்று பயிற்சியாளர் அவன் தலையில் தட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அந்த ரெண்டும் நம்மதுதான். கெடுத்துடாத."

அடுத்த ஆட்டத்தில் தோற்று, ஆறாவதாக வந்தார்கள். பதக்கம் இல்லை. விமான நிலையத்தில் வரவேற்க யாரும் இல்லை, வீட்டுக்காரர்கள் மட்டும். மறுநாள் வேலைக்குப் போனால் மேலாளர் வருத்தத்தோடு கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"என்னப்பா ஆச்சு? போன தடவை மூணாவது. இப்ப ஆறாவது. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்ல சார், ஜெயிச்சோம் சார்."

"ஆறாவது வந்துட்டு ஜெயிச்சோம்ங்கிற."

"மலைநாட்டை ஜெயிச்சோம் சார்."

"அவங்களைத்தான் போன தடவையே பத்துக்கு சைபர்னு ஜெயிச்சீங்களே? இந்தத் தடவை இருபத்துமூணு விட்டிருக்க." அவர் அன்பாகத்தான் சொன்னார். "பரவால்ல, வயசாகுதுல்ல. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

 எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தூணுக்குத் தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் சமையலறையில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலாளர் சொன்னதை அவன் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கதவோரம் போய் நின்றாள்.

"சரி, அந்த அடுப்புப் பக்கம்தான் கோல்னு வைங்க. எனக்குக் காட்டுங்க. அந்தக் கடைசிப் பந்தை எப்படித் தடுத்தீங்க?"

"உனக்கு எதுக்கு?"

"யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

அவன் கூச்சத்தோடு நடுவில் வந்து நின்றான். கைகளை விரித்தான், ஒரு கை குளிர்பதனப் பெட்டியில் இடித்தது. மகள் ஓடிவந்து வாசலில் உட்கார்ந்தாள். மனைவி ஒரு வெங்காயத்தை எடுத்து ஓரத்திலிருந்து எறிவதுபோல ஓங்கினாள். அவன் இடது காலைத் தூக்கினான். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான்.

"இல்ல, வலது" என்று கால் மாற்றினான். "இரு. அவன் அந்தப் பக்கத்துலருந்து வந்தான்னா… இடதுதான்."

"ரெண்டு கால்லயும் காயம் இருக்குதேப்பா" என்றாள் மகள், குனிந்து பார்த்து.

இருந்தது. இரண்டு கெண்டைக்காலிலும் நீலம் பாய்ந்திருந்தது. எது எந்தப் பந்து என்று சொல்ல வழியில்லை.

"எந்தக் காலா இருந்தா என்ன, நின்னுச்சுல்ல?" என்றாள் மனைவி.

"நின்னுச்சு."

"நெஜமா நின்னுச்சா?"

"நெஜமா."

அவள் வெங்காயத்தை எறிந்தாள். அவன் எந்தக் காலைத் தூக்குவது என்று முடிவு செய்வதற்குள் அது அவன் வயிற்றில் பட்டு, அடுப்புக்குக் கீழே உருண்டு ஓடியது.